உன் மகளை வீட்டில் உட்காரவைக்க நீ போட்ட கையெழுத்து

குமரேசா,

போன சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்தில் நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தைப் படித்துவிட்டேன். நாலே வரி. "என் மகள் தர்ஷினி, மூன்றாம் வகுப்பு, மூளை முடக்குவாதம் காரணமாகப் பள்ளிக்கு வந்துபோக இயலாத நிலையில் இருப்பதால், வீட்டிலிருந்தே கல்வியும் பயிற்சியும் பெறச் சம்மதிக்கிறேன்" என்று எழுதி, கீழே உன் அழகான கையெழுத்தைப் போட்டிருக்கிறாய். இயலாத நிலை என்று உனக்கு யார் சொன்னது? அந்தக் காகிதத்தை ஹெச்.எம். என்னிடம் நீட்டியபோது உன் மகள் எங்கே இருந்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்து கேட்டுக்கு உள்ளே, சீருடையோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தன் இரண்டு கால்களில் நின்றுகொண்டிருந்தாள்.

இதை உன்னிடம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். மூன்று முறை அழைத்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை, "ஷிப்ட்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய கை இது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ மட்டும் படிப்பதற்காகவும் இதை எழுதவில்லை. உன்னைப் போலவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்ட அப்பாக்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று ஷபானா சொன்னாள். வட்டார வள மையத்தில் நடக்கிற பெற்றோர் கூட்டத்தில் இதை எல்லோர் முன்னாலும் படிக்கச் சொன்னால் படிப்பேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

ஷபானாவை உனக்குச் சரியாகத் தெரியாது. "அந்த பிசியோ பொண்ணு" என்பாய். தருமபுரியிலிருந்து பஸ் ஏறிப் பாலக்கோட்டில் இறங்கி, அங்கே நிறுத்தி வைத்திருக்கிற ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாரண்டஹள்ளி வரைக்கும் ஊர் ஊராகப் போகிற பெண். நடக்க முடியாத, உட்கார முடியாத, தலை நிற்காத பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று போஸ்ட்மேனைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நம் வீட்டுக்கு வருவாள். ஒரு மணி நேரம் இருப்பாள். பாய் விரித்து தர்ஷினியைப் படுக்கவைத்து, காலைப் பிடித்து, எங்கே இறுக்கம், எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். நான்கு வருடத்துக்கு முன்னால் முதல்முறை வந்தபோதே தெளிவாகச் சொன்னாள். "அய்யா, நான் வந்து பண்றது வைத்தியம் இல்லீங்க. நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். நடுவுல இருக்கிற பதினாலு நாளு நீங்க பண்றதுதான் வைத்தியம்."

அந்தப் பதினாலு நாளில் நான் செய்ததை இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன். உன் மனைவி கோகிலாவுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது, ஏனென்றால் உன்னிடம் நான் பொய் சொன்னேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னால் அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

கோகிலாவின் தையல் கம்பெனி வேன் காலை ஐந்தரைக்கு வந்துவிடும். திரும்பி வர ஏழு, சில நாள் எட்டு. உன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீ பெங்களூரில். ஆகவே காலையும் மாலையும் பயிற்சி என் பொறுப்பு. ஷபானா ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். கெண்டைக்கால் நீட்டிப் பிடிப்பது, தொடை உள்பக்கம், ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பது, சுவரோரம் நிற்பது. செய்தால் டிக் போட வேண்டும். முதல் சில மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் கெண்டைக்காலைப் பிடித்தாலே அவள் அழுவாள். "தாத்தா போதும், தாத்தா வுடு" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் விட்டேன். மறுநாளும் விட்டேன். அப்புறம் அவள் கையில் ஃபோனைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நோட்டை எடுத்து எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

பயிற்சிக்குப் பதிலாக அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கு, கடைக்கு, தக்காளி மண்டிக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் என் தோளில்தான். வாக்கர் வீட்டு மூலையில் துணி காயப்போடுகிற ஸ்டாண்டாகிவிட்டது. ஊரில் எல்லோரும், "பேத்திய எப்படிச் சொமக்கறாரு பாரு" என்று பேசினார்கள். அது என் காதில் விழும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்க்கிறார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

தை மாதம் ஷபானா வந்து அவள் பாதத்தை மேலே நிமிர்த்திப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். அளக்கிற ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். எல்லாக் கட்டத்திலும் டிக்.

"அய்யா, தெனமும் பண்றீங்களா?"

"பண்றனுங்களே."

தர்ஷினி பாயில் படுத்தபடியே சொன்னாள்: "தாத்தா டிக்கு போடும். பண்ணாது."

ஷபானா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே டிக்கு போட வேண்டாங்க அய்யா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவளே எங்களைத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சதை சுருங்கிவிட்டது, கட்டுப் போட்டு இழுத்துப் பார்ப்போம், அதற்கும் வரவில்லை என்றால் ஆபரேஷன் என்றார்கள். இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு. வாரம் ஒருமுறை கழற்றி, பாதத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி கட்டு. வெயில் ஆரம்பித்துவிட்ட நேரம். கட்டுக்குள் அரிப்பு தாங்காமல் குழந்தை கட்டிலில் காலை அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒருமுறை வந்து, "எதுக்குப்பா கட்டு?" என்று கேட்டாய். "டாக்டரு போடச் சொன்னாரு" என்றேன். என்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். என்னால்தான். அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்பதற்காக அவள் காலை நான் கெடுத்தேன். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆகவே, குமரேசா, கஷ்டத்தைப் பார்க்காமல் இருக்க ஒருவன் என்னென்ன செய்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ செய்தது எனக்கு உடனே புரிந்ததும் அதனால்தான். புரிந்ததால்தான் இவ்வளவு கோபம்.

கட்டுப் பிரித்த பிறகு நடந்ததை நீ கேட்கவே இல்லை. ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தோம். பாதம் நிமிர்ந்தே இருக்கக் காலில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் வந்தது, வாக்கரும் மூலையிலிருந்து வெளியே வந்தது. ஷபானா வீட்டோடு நிற்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தர்ஷினியின் வகுப்பு டீச்சரோடு உட்கார்ந்து பேசினாள். தச்சனைக் கூட்டிவந்து, கால் தரையில் பதிகிற மாதிரி பெஞ்சின் காலை அறுத்துக் குட்டையாக்கினாள். டீச்சர் தினமும் காலையில் தர்ஷினியை எழுப்பிக் கரும்பலகையில் தேதி எழுதச் சொல்வார். எழுத எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு நேரம் அவள் நிற்கிறாள், கையை உயர்த்துகிறாள், எடை இரண்டு காலுக்கும் மாறுகிறது. வகுப்புக்கு அது தேதி, அவளுக்கு அது பயிற்சி. வருகைச் சீட்டை ஹெச்.எம். ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலைதான். வராண்டா முழுக்க வாக்கரோடு நடந்து போவாள், திரும்பி வருவாள். வீட்டில் நான் பத்தடி நடக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண், அங்கே சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நடக்கிறாள். ஏனென்றால் அங்கே அவளுக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது, கொடுப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன், டிவி இருக்கிறது.

அந்த இடத்தைத்தான் அவளுக்கு வேண்டாம் என்று நீ நாலு வரியில் எழுதிக் கொடுத்தாய்.

அவள் விழுந்தாள். இல்லை என்று சொல்லவில்லை. கழிப்பறைக்கு முன்னால் இரண்டு படி இருக்கிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விழுந்து தாடையில் இரண்டு தையல். அந்தப் படியில் ஒரு கம்பி வைத்துத் தருகிறேன், என் செலவு, மேஸ்திரியையும் நானே கூட்டிவருகிறேன் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் ஹெச்.எம்.மிடம் கேட்டிருந்தேன். "பர்மிஷன் வாங்கணுங்க பெரியவரே, பார்க்கலாம்" என்றார். பார்க்கவில்லை. குழந்தை விழுந்த அன்று அவர் எனக்கும் ஃபோன் செய்யவில்லை, கோகிலாவுக்கும் செய்யவில்லை. பெங்களூரில் இருக்கிற உனக்குச் செய்தார். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வீட்லயே இருக்கட்டும், பிசியோ வீட்டுக்கே வருவாங்க, புக்கு வரும், பாஸும் போட்டுருவோம்" என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். நீ வந்தாய், நேராகப் பள்ளிக்கூடம் போனாய், எழுதிக் கொடுத்தாய். பிறகு வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். தர்ஷினி அன்று உன்னிடம் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள், நினைவிருக்கிறதா? நீ தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டாய்.

திங்கட்கிழமை கேட்டருகே ஹெச்.எம். என்னை நிறுத்திக் காகிதத்தைக் காட்டினார். நான் குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க மகன் படிச்சவரு, புரிஞ்சுக்கிட்டாரு. நீங்கதான் பெரியவரே எமோஷனலா பேசறீங்க" என்றார். உன் படிப்பை எடுத்து என் முகத்தில் அடித்தார். அந்தப் படிப்புக்காக இரட்டை டூட்டி பார்த்தவன் நான். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தர்ஷினி என் வேட்டியைப் பிடித்து, "தாத்தா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். வண்டியில் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்று முழுக்க அவள் ஸ்பிளின்ட்டைக் கழற்றவிடவில்லை, சீருடையையும் மாற்றவிடவில்லை.

மறுநாள் கோகிலா கம்பெனிக்கு லீவு சொன்னாள். நான், அவள், ஷபானா மூன்று பேரும் போனோம். வாய்ச்சண்டை போடத்தான் நான் தயாராகப் போயிருந்தேன். கோகிலா என்னைப் பேசவிடவில்லை. உன் மனைவி நம் வீட்டுக்கு வந்து பத்து வருடமாகிறது, அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"சார், எம்புள்ள வுழுந்தது அவ காலு சரியில்லாததால இல்லீங்க. உங்க படியில கம்பி இல்லாததால" என்றாள். "அதே படியில போன மாசம் இன்னும் ரெண்டு புள்ளைங்க வுழுந்துச்சுங்க. அவங்களையும் வூட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

"அதில்லீங்கம்மா, இந்தக் குழந்தைக்குன்னு ஒரு வசதி இருக்கு, அதைத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

ஷபானா குறுக்கிட்டாள். "சார், அந்த வசதி படுக்கையில இருந்து எழுப்பவே முடியாத கொழந்தைங்களுக்கு. அவங்களுக்கே போய்ச் சேர எங்களுக்கு நாள் பத்தலை. இவ நடந்து ஸ்கூலுக்கு வர்ற புள்ள. இவள வூட்ல உட்கார வெச்சா ஒரு வருஷத்துல இவளையும் நான் படுக்கையிலதான் வந்து பார்க்கணும். அதை நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?"

அவர் உன் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் என்ன பண்ண?"

"அம்மா கையெழுத்து செல்லாதுங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

வாசலில் வகுப்பு டீச்சர் வந்து நின்றிருந்தார். கையில் வருகைச் சீட்டு. அதை மேசைமேல் வைத்துவிட்டு, "சார், அந்தப் புள்ள எங்க கிளாஸ் சார்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அங்கேயே நின்றார், போகவில்லை. கோகிலா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதினாள். தன் மகள் பள்ளிக்கு வருவாள், அப்பா கொடுத்த கடிதத்தை ரத்து செய்ய வேண்டும், கழிப்பறைப் படியில் கைப்பிடி வைக்க அனுமதி வேண்டும். ஹெச்.எம். அதை இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், பயந்த மனிதர். நாலு பேர் முன்னால் மறுக்கவும் அவருக்குப் பயமாக இருந்திருக்கும். வாங்கிக்கொண்டு சீல் வைத்துக் கொடுத்தார். புதன்கிழமையிலிருந்து உன் மகள் பள்ளிக்குப் போகிறாள். நேற்று மேஸ்திரி வந்து கம்பியைப் பதித்துவிட்டார். அரை நாள் வேலை. இதற்கு ஆறு மாதம்.

எல்லாம் முடிந்த பிறகு நீ கோகிலாவை அழைத்து, "எல்லாரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிட்டீங்க" என்றாயாம். "அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு, இனிமே யாரு தூக்கிட்டுப் போறது? அதை யோசிச்சுத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றும் சொன்னாயாம். என் முதுகைக் காரணம் காட்டாதே. டிஸ்க் விலகியிருக்கிறது, உண்மை. எடை தூக்கக்கூடாது என்கிறார்கள், அதுவும் உண்மை. சில நாள் காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறேன். ஆனால் அவளை யாரும் தூக்க வேண்டாம். தூக்கித்தான் நான் அவளைக் கெடுத்தேன். அவள் நடக்கும்போது பக்கத்தில் நடக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதுகு தேவையில்லை, பொறுமை போதும்.

உண்மையான காரணத்தை நான் சொல்லவா? பாலக்கோட்டில் உன் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போனபோது, வாக்கரைக் காரிலேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தில் ஒரு சேரில் உட்காரவைத்தாய். மூன்று மணி நேரம். அவள் பாத்ரூம் போக வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நடக்க வேண்டும், நடந்தால் உன் சிநேகிதர்கள் பார்ப்பார்கள் என்று அந்தக் குழந்தைக்கே புரிந்திருந்தது. பாவாடை நனைந்து வீட்டுக்கு வந்தாள். எட்டு வயதுப் பிள்ளை அப்பாவின் வெட்கத்துக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே உன்னை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அதுவும் என் தப்புதான்.

நீ இப்படிப்பட்டவன் இல்லை. அவள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்தவன் நீ. நர்சம்மா கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாய். அவள் பிழைப்பாளா என்று பயந்தாய், அந்தப் பயத்தோடு அங்கேயே இருந்தாய். பிழைத்து வந்தவள் எப்படி நடப்பாள் என்று தெரிந்த பிறகுதான் நீ ஏறுகிற பஸ் எல்லாம் பெங்களூர்ப் பக்கமே ஓடுகிறது. மாதம் இரண்டு முறை வந்ததும் ஒன்றாகிவிட்டது.

இனி நான் கேட்பது ஒன்றுதான். கோகிலாவிடம் மன்னிப்பு கேள் என்றோ வேலையை விட்டு வா என்றோ சொல்ல மாட்டேன், அது உங்கள் இருவர் விஷயம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஷபானா தன் லீவு நாளில், அவள் சம்பளம் வாங்காத நாளில், உனக்காக வருகிறேன் என்றிருக்கிறாள். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கு. பேன்ட்டை மாற்றிவிட்டுக் கைலியோடு பாயில் உட்கார். தர்ஷினியின் முழங்காலை நேராக வைத்து, குதிகாலை உன் உள்ளங்கையில் வாங்கிக்கொள். முழங்கைக்குக் கீழே இருக்கிற உன் கை அவள் பாதத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். வெடுக்கென்று தள்ளக்கூடாது, உன் உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்தால் பாதம் தானாக நிமிரும். நிமிர்ந்த இடத்தில் நிறுத்தி முப்பது எண்ணு. இருபதில் அழ ஆரம்பிப்பாள். உன்னைப் பார்த்து, "அப்பா, வுடு" என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதிப் பத்தையும் எண்ணி முடிக்க உன்னால் முடியும் என்றால் வா. எழுந்து வெளியே போகிறவன் என்றால் வராதே, அந்த வேலையை நான் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறேன்.

அப்பா